வெளிச்சம் எங்கிருந்து வருது என்று கேட்டவர்

அன்றைக்கு மட்டும் அக்கா ஏன் கேட்கவில்லை?

இரண்டு வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது வரும். துணி காயப்போடும்போது வரும். சில நாள் பதில் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். மறுநாள் அதையே திருப்பிப் பார்த்தால் அது பதிலே இல்லை என்று தெரியும்.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. கோயமுத்தூர் கணபதியில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பெயரை எழுதப் போவதில்லை. அவர் இதைப் படிக்கக்கூடும். படிக்க வேண்டும் என்று விரும்புகிறேனா, படித்துவிடக் கூடாது என்று பயப்படுகிறேனா என்பதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

எங்கள் ஸ்டுடியோ ஒரு லேத் பட்டறைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. மனிதர்களைப் படம் எடுக்க மாட்டோம். கிரைண்டர், எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி ஜாடி, தண்ணீர் பில்டர் என்று சாமான்களை மட்டும் விற்பனைக்காகப் படம் எடுத்துக் கொடுப்போம். வாடிக்கையாளர்களோடு பேசுவது என் வேலை. எடுத்த படத்திலிருந்து பொருளைப் பிரித்து வேறொரு பின்னணியில் வைப்பது அக்காவின் வேலை. அதை யாராவது வெட்டி ஒட்டுவது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"ஒட்டுறதுக்கு அது என்ன ஸ்டிக்கர் பொட்டுங்களா? நாம உக்கார வெக்கிறோமுங்க" என்பார்.

மரக்கரண்டியை உட்கார வைப்பது சுலபம். ஓரத்தைச் சுற்றி வெட்டி எடுத்து எந்தப் படத்தில் வைத்தாலும் கரண்டி கரண்டியாகவே இருக்கும். கண்ணாடி ஜக்கு அப்படியில்லை. அதன் வயிற்றுக்குள் எங்கள் ஸ்டுடியோவின் சாம்பல் சுவர் வளைந்து தெரியும். தண்ணீர் ஊற்றியிருந்தால் சுவர் பக்கம் மாறித் தெரியும். அப்படியே வெட்டிக் கடற்கரைப் படத்தில் வைத்தால், கடலுக்கு முன்னால் வைத்த ஜக்குக்குள் சாம்பல் சுவர் இருக்கும். மற்ற இடங்களில் ஜக்கைக் கொஞ்சம் மங்கலாக்கிக் கடல் லேசாகத் தெரியும்படி விட்டுவிடுவார்கள். யாரோ செய்த அப்படி ஒரு படத்தை அக்காவிடம் ஒருமுறை காட்டினேன்.

"இது ஜக்கு இல்ல அம்மணி. ஜக்கோட ஆவி" என்றார்.

அவர் செய்யும் விதம் வேறு. ஜக்குக்குப் பின்னால் பெரிய டி.வி. ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் படுக்கவைத்தபடி ஒன்று. அறையை இருட்டாக்கிவிட்டு டி.வி.யில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிடுவார். முதலில் தடித்த கோடுகள், பிறகு மெலிந்தவை, பிறகு குறுக்கே போகிறவை. கோடு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு படம். ஜக்கின் ஒவ்வொரு புள்ளியும் பின்னால் எந்த இடத்திலிருந்து வெளிச்சத்தை வாங்குகிறது என்பதை அந்தப் படங்களிலிருந்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும்.

"அதுங்கிட்டயே கேட்டுப்போடணும் அம்மணி, நீ எங்க பாக்குறேன்னு. அப்புறம் பின்னாடி கடல வெய்யி, கல்யாண மண்டபத்த வெய்யி. அதுவே வளைச்சுக் காட்டிக்கும்."

படம் எடுக்கும் நேரத்தில் கீழே லேத் ஓடினால் மேஜை அதிரும். அக்கா படியில் பாதி இறங்கி நின்று கை காட்டுவார். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "ஏனுங்க, இன்னைக்கு நின்ன கோடா, படுத்த கோடா?" என்று கேட்பார். அவரும் டீ குடிக்க ஒரு சாக்கு கிடைத்ததென்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

வேலை நாட்களில் அக்கா கறுப்புச் சுடிதார்தான் போடுவார். மூக்குத்தியைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுவார். எவர்சில்வர் குடத்தில் மூக்குத்தி ஒரு புள்ளியாக விழுமாம். அவர் கறுப்பில் வருவதும் போவதும் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் போல என்று எதிர்க்கடை அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்திருக்கிறார். துக்கமெல்லாம் இல்லை, குடத்துக்காகத்தான் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

"இந்த வெளிச்சம் எங்கிருந்து வருது?" அக்கா ஒரு நாளைக்குப் பல தடவை கேட்கும் கேள்வி அதுதான். பாத்திரத்தில் காரணம் தெரியாத வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்துவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. கறுப்பு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்கையும் மறைத்துப் பார்ப்பார். ஜன்னலை மறைப்பார். என் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார். புள்ளி மறைந்ததும், "இதானுங்க" என்று அட்டையைக் கீழே வைப்பார். அதற்குப் பிறகுதான் அந்தப் புள்ளியை வைத்துக்கொள்வதா, எடுப்பதா என்ற பேச்சு.

இந்தக் குணத்தால் எனக்கு நிறையச் சங்கடங்கள் வந்திருக்கின்றன. ஒருமுறை கண்ணாடிச் சாமான் மொத்த வியாபாரி ஒருவர் தீபாவளி விற்பனைக்காக ஒரு ஜக்கைப் படம் எடுக்கக் கொடுத்திருந்தார். எல்லாப் படத்திலும் கைப்பிடி ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. சாயங்காலம் படம் போய்ச் சேர வேண்டும்.

"அக்கா, அதை அழிச்சுட்டுக் குடுத்துடலாமுங்களா?" என்றேன்.

"எங்கிருந்து வருதுன்னு தெரியாம எதுக்கு அம்மணி அழிக்கிறது?"

விளக்கு ஒவ்வொன்றாக மறைத்தார். கோடு போகவில்லை. ஜக்கைத் திருப்பினார். கோடும் கூடவே திரும்பியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஒரு படத்துல இருந்தா வெளிச்சத்தோட தப்புன்னு உட்டுப்போடலாம். மூணு படத்துலயும் அதே எடத்துல நின்னா அது வெளிச்சத்தோட தப்பு இல்ல. உள்ள என்னமோ இருக்குது."

வியாபாரியிடம் சொல்ல வேண்டியது என் பாடு. போனில் சொன்னதும் அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க, படம் எடுக்கத்தானுங்க குடுத்தேன். வைத்தியம் பாக்கவா குடுத்தேன்?"

"படத்துல கோட்ட நான் அழிச்சுப்போடுவேனுங்க. ஜக்குல யாருங்க அழிக்கிறது? சுடுதண்ணி ஊத்துனா அங்கதான் விரிசல் உடுமுங்க."

"எத்தன வருசமா இந்த யாவாரம் பண்றேன், எனக்குத் தெரியாதுங்களா? கொண்டாங்க தண்ணிய."

டீ போடும் கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. வியாபாரி ஜக்கைத் தொட்டிக்குள் வைத்துத் தானே ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெருமையாகக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அதைத் தொட்டி ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"சரிங்க. ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

இதை நாங்கள் எத்தனையோ நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். இப்போது எனக்கு அந்தக் கதையில் சிரிப்பு வருவதில்லை. "வைத்தியம் பாக்கவா குடுத்தேன்" என்ற வார்த்தை மட்டும் நினைவில் இருக்கிறது.

கண்களைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. எங்களோடு வேலை பார்த்த பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் பெரிய பேனர். அக்கா கிட்டப் போய் நின்றார். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்த பிறகு சும்மா இருக்காமல், "பொண்ணு கண்ணுல ஜன்னல் இருக்குது. மாப்பிள கண்ணுல டியூப் லைட்டு இருக்குது. ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கவே இல்ல" என்றார். எதிர் இலையில் இருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

"ஏனுங்க, மாப்பிளைக்கு லீவு கெடைக்கல. அங்கிருந்து அனுப்புன போட்டோவ வெச்சுப் பண்ணுனது. அதுக்கு என்னங்க இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க. ஜன்னல ரெண்டு பேரு கண்ணுலயும் வெச்சிருக்கலாம்னு சொன்னேனுங்க."

நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். பாயசம் வரும்வரை தாய்மாமன் எங்களைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா எனக்கு விளக்கினார். கண்ணும் ஒரு கண்ணாடிக் குண்டுதான். முன்னால் இருக்கும் வீடு, ஜன்னல், படம் எடுக்கிற ஆள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஃப்ளாஷ் போட்டால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். அவர் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். காட்டிலிருந்து யானை இறங்கினால் டார்ச் அடித்துப் பார்ப்பார்களாம். அப்போதெல்லாம் கட்டுத்தரையில் நிற்கிற மாடுகளின் கண்கள்தான் முதலில் மின்னுமாம்.

"மாட்டுக் கண்ணு பச்சையா மின்னும் அம்மணி. நாய்க் கண்ணும் மின்னும். மனுசக் கண்ணு அப்படி மின்னாது. ஃப்ளாஷ் நேரா அடிச்சா செவப்பாத் தெரியும். அது உள்ள இருக்குற ரத்தம்."

அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இதையெல்லாம் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாப்பா பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் அவளையும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போவேன். அக்காவுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. கறுப்புச் சுடிதாரைப் பார்த்துப் பாப்பா அழுகிறாள் என்பதற்காக அக்கா ஒரு மஞ்சள் துப்பட்டாவை வாங்கி ஸ்டுடியோவிலேயே வைத்திருந்தார். பாப்பா வந்தால் அதைப் போர்த்திக்கொள்வார். குடத்தில் மஞ்சள் விழுந்தாலும் அன்றைக்குப் பரவாயில்லை.

டி.வி.யில் ஓடும் கோடுகள் என்றால் பாப்பாவுக்கு உயிர். அழுகையை நிறுத்திவிட்டு அப்படியே பார்ப்பாள். பார்க்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, வலது கண்ணை முன்னால் கொண்டுவந்து பார்ப்பாள்.

"பாரு, கோணம் பாக்குறா. என்னாட்டமே" என்பார் அக்கா. "பெருசானா எங்கூட வந்துரு கண்ணு. உங்கம்மா போன்ல பேசிட்டே இருக்கட்டும்."

நாங்கள் எல்லோரும் சிரிப்போம். இடது கண்ணால் அவளுக்குச் சரியாகத் தெரியாததால்தான் அப்படிப் பார்த்திருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போதே தொடங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

முதல் பிறந்தநாள் பல்லடத்தில் என் மாமியார் வீட்டில். கொழுந்தன் போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்துத் தள்ளினான். எல்லாவற்றையும் அவனே ஒரு ஃபோல்டராக அக்காவுக்கு அனுப்பிவிட்டான். பெரிதாக ஒரு படம் செய்து தருவதாக அக்கா முன்பே சொல்லியிருந்தார். காசு பேச்சை எடுத்தால் அடிப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

சில வாரம் கழித்து, நாங்கள் அங்கே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பல்லடத்துக்கே பஸ் ஏறி வந்தார். மூக்குத்தி போட்டு, பச்சைச் சேலை கட்டி, பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஃபிரேமை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவிழ்த்ததும் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். தறி ஓட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

படத்தில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த பெரிய கண்ணாடிக் கிண்ணம், மேலே சாமந்திப் பூக்கள். கிண்ணத்தின் வளைவுக்குள் அவளுடைய மஞ்சள் கவுன் சின்னதாகத் தலைகீழாகத் தெரிந்தது. கிண்ணத்தின் விளிம்பில் அவளுடைய விரல்கள் நீண்டு வளைந்திருந்தன. அந்த வீட்டில் அப்படி ஒரு கிண்ணம் இருந்ததே இல்லை. ஸ்டுடியோவில் கோடு ஓடவிட்டு, அந்தக் கிண்ணம் எங்கெங்கே எதைப் பார்க்கும் என்று கேட்டு எடுத்து வந்து பாப்பா பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். எந்த வாடிக்கையாளருக்கும் அவர் அவ்வளவு பாடுபட்டதில்லை.

"பாப்பா கண்ணு ரெண்டும் அப்படியே திராட்சையாட்டம் இருக்குதுங்க" என்றார் அத்தை.

"கண்ணுல மட்டும் ஃப்ளாஷ் அடிச்சுக் கெடந்துச்சுங்க. சரி பண்ணிப்போட்டேன்" என்றார் அக்கா.

நான் தட்டில் முறுக்கு எடுத்து வந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. "தேங்ஸ்ங்க அக்கா" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் எதையும் மறைக்கவில்லை. அவர் கூடத்தில் நான்கு பேர் முன்னால் சொன்னார், நான் நன்றி சொன்னேன்.

பிறகு பாப்பாவின் இடது கண் கொஞ்சம் உள்பக்கமாக ஒதுங்கத் தொடங்கியது. மாறுகண் இருந்தால் யோகம் என்று அத்தை சொன்னார். தானாகச் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள். நான் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பிறந்தநாள் படத்தைப் பார்ப்பேன். அதில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, அழகாக, கறுப்பாக இருந்தன. இந்தக் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது என்று தோன்றும். கவலைப்படுவதுதான் என் வழக்கம். அந்தப் படம் என் கவலையைத் தணித்தது.

ஒரு மத்தியானம் சமையலறையில் அவள் தரையில் உட்கார்ந்து டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். இடது கண்ணுக்குள் ஒரு வெளிச்சம். கண்ணுக்கு மேலே விழுகிற புள்ளி இல்லை, உள்ளேயிருந்து திரும்பி வருகிற வெள்ளை. அவள் தலையை அசைத்ததும் போய்விட்டது. மறுநாள் காலை கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம்.

டாக்டர் அம்மா பொறுமையாகப் பார்த்தார். "பழைய போட்டோ ஏதாவது இருக்குதுங்களா? ஃப்ளாஷ் போட்டு எடுத்தது?" என்று கேட்டார். என் போனில் இருந்தது அந்தப் படம்தான். காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு கண்ணும் நல்லா இருக்குதுங்களே. அப்ப சமீபத்துலதான் வந்திருக்கணும்."

பரிசோதனைகள் முடிந்த பிறகு அவர் குழம்பிப்போனது எனக்குத் தெரிந்தது. விழித்திரையில் வளர்கிற புற்றுநோய். கண் முழுக்க நிறைந்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கண்ணை எடுத்துவிட வேண்டும். "ஆனா இது கொஞ்ச நாள்ல இத்தன வளராதுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கூட வந்திருந்த கொழுந்தனின் போனை வாங்கிப் பிறந்தநாள் படங்களைத் தேடினேன். அதே படம், அக்கா கை வைப்பதற்கு முந்தியது. வலது கண் ஃப்ளாஷில் சிவப்பு. இடது கண்ணில் சிவப்பு இல்லை. பாலாடை போல வட்டமாக வெள்ளை. அடுத்த படத்திலும் இருந்தது. கேக் வெட்டும் படத்திலும் இருந்தது. மூன்று படம், அதே இடம்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது கண்ணைச் சரிசெய்து, அதையே திருப்பி இடது கண்ணாக வைத்திருந்தார். வெறுமனே திருப்பி வைத்தால் வெளிச்சப் புள்ளி தப்பான பக்கம் போய்விடும். அதனால் புள்ளியை மட்டும் தனியாக எடுத்து ஃப்ளாஷ் இருந்த பக்கத்துக்கு மாற்றியிருந்தார். மிகச் சரியான வேலை. டாக்டரையே ஏமாற்றிய வேலை.

அந்த மூன்று படங்களையும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிறந்தநாள் சமயத்திலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"சின்னதா இருந்திருந்தா கண்ணக் காப்பாத்த முயற்சி பண்ணியிருப்போமுங்க. காப்பாத்தியிருப்போம்னு என்னால சொல்ல முடியாது. அத நெனச்சுட்டு இருக்காதீங்க" என்றார்.

நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மொத்த வியாபாரியின் ஜக்குக்காக விளக்கு ஒவ்வொன்றாக மறைத்தவர், முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் கண்ணுக்குள் டியூப் லைட்டைத் தேடியவர், மனிதக் கண் சிவப்பாகத்தான் தெரியும் என்று பஸ்ஸில் எனக்குச் சொன்னவர், மூன்று படத்திலும் நின்ற வெள்ளையை ஏன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அழித்தார்? பாப்பா மேல் இருந்த பிரியத்தாலா? பிரியமான குழந்தைக்குள் ஒரு குறை இருக்கலாம் என்று அவர் மனம் போகவில்லையா? அப்படியானால் அந்தப் பிரியம் எங்களுக்கு வேண்டியதில்லை. எங்களைக் காசு கொடுக்கிற வாடிக்கையாளராகவே அவர் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்படி எழுதுவது நன்றிகெட்டத்தனம் என்று தெரிகிறது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஆபரேஷன் நாளில் அக்கா வந்தார். தூக்குப்போசியில் இட்லி, பிளாஸ்க்கில் காபி. நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை அழவிட்டு, தானும் அழுதார்.

"எப்ப இருந்து அம்மணி?" என்று கேட்டார்.

"தெரியலீங்க அக்கா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு கேள்வியோடு அவர் நிறுத்தி நான் பார்த்ததே கிடையாது. அவருக்குத் தெரிந்துவிட்டதா, அல்லது நோகடிக்க வேண்டாம் என்று விட்டாரா?

பாப்பாவுக்குச் செயற்கைக் கண் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பார்க்க வந்தார். அவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்காங்க அம்மணி. வெளிச்சம் ரெண்டுலயும் ஒரே எடத்துல உழுகுது" என்றார்.

நான் பால் பொங்குகிறது என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. பிறந்தநாள் படத்தை அதற்கு முன்பே சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆணி மட்டும் இருந்தது. அக்கா அந்த ஆணியைப் பார்த்தாரா என்று தெரியாது. அவர் கண்ணில் அப்படி ஒன்று படாமல் போயிருக்காது.

பாப்பா நன்றாக இருக்கிறாள். அதைச் சொல்லிவிட வேண்டும். நோய் வேறெங்கும் பரவவில்லை, சோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் அவளுக்கு நான்காவது பிறந்தநாள்.

போன வாரம் அக்கா போன் செய்தார். ஸ்டுடியோவை விட்டுவிட்டு இப்போது வீட்டிலிருந்தே தனியாகச் செய்கிறார். சாமான்கள் குறைவு, குழந்தைகள் படம்தான் அதிகம். அப்பா அம்மாக்கள் போனில் எடுத்து அனுப்பினால் நல்ல பின்னணியில் உட்கார வைத்துக் கொடுக்கிறார். நிறைய வருகிறதாம்.

"பாப்பாவுக்கு ஒண்ணு பண்ணித் தரேன் அம்மணி. ஒண்ணாவது பிறந்தநாள்ல இருந்து இப்ப வரைக்கும், எல்லாப் பாப்பாவும் ஒரே படத்துல. அந்தப் பழைய ஃபோல்டர் எங்கிட்ட அழிஞ்சுபோச்சு. உங்கொழுந்தன் எடுத்தது, அப்படியே இருந்தா அனுப்பு கண்ணு. நான் பண்ணுனது வேண்டாம், ஒரிஜினல் வேணும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டியதில்லை. அது என் போனில்தான் இருக்கிறது.

ஒரிஜினல் வேணும் என்று ஏன் சொன்னார்? வேலைக்காகவா? இல்லை, இரண்டு வருடம் கழித்து அந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்கிறாரா?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு. பாப்பா உசுரோட இருக்குறா. அவங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அந்தம்மா தாங்க மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அக்காவின் கைக்குத் தினமும் குழந்தைகளின் கண்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மறுபடியும் அந்த வெள்ளை இருந்தால், ஃப்ளாஷ் அடித்துவிட்டது என்று சரிபண்ணிப்போடுவார். அந்த அம்மாவும் என்னைப் போலவே நன்றி சொல்வாள். அதைத் தடுக்க என் போனில் இருக்கும் மூன்று படங்கள் போதும்.

அந்தக் குழந்தைகளுக்காக மட்டும்தான் அனுப்ப நினைக்கிறேன் என்றால் நான் எப்போதோ அனுப்பியிருப்பேன். அக்கா அந்தப் படங்களைத் திறக்கும் நிமிடத்தை நான் மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசைதான் என் விரலைப் பிடித்து நிறுத்துகிறது. இட்லி கொண்டுவந்து, நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இதைச் செய்யலாமா? பாப்பாவுக்காக மஞ்சள் துப்பட்டா வாங்கி வைத்தவருக்கு? செய்யாமல் விட்டால், நானும் அந்த வெள்ளையை இன்னொரு தடவை அழிக்கிறவள் ஆகிறேன்.

குழந்தை வளர்க்கிறவர்கள், வளர்த்து முடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். பதில் எழுத மனமில்லை என்றால், உங்கள் குழந்தையின் பழைய ஃப்ளாஷ் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அது போதும். எழுதுகிறவர்கள் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். அந்த மூன்று படங்களை அனுப்பட்டுமா, வேண்டாமா என்று மட்டும் எழுதுங்கள். அனுப்பச் சொன்னால், கூட என்ன எழுதி அனுப்புவது என்றும் சொல்லுங்கள். "நீங்க கேட்ட ஒரிஜினலுங்க அக்கா" என்பதுவரை எழுதி வைத்திருக்கிறேன்.